மாமா சேர்ந்துவிட்டார்

அன்பும் அறிவும் அதட்டலும் ஒருசேர வாய்த்த என் அக்கா மகள், நான் செல்லப்பெயர் வைத்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு, உன் தாய்மாமன், சலவைக் கடைக்காரன், ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் இஸ்திரிக்காரரும் ஆறு மெஷின்களும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் நம்பர் மட்டும் பிழியும்போது கொஞ்சம் நடுங்குகிறது. அங்கே நீ நடுங்காமல் இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். கையில் சூடாக ஏதாவது வைத்திருந்தால் குடித்து முடித்துவிட்டுப் படி. என் தலையில் கொட்டலாமென்றால் நான் பக்கத்தில் இல்லை.

முதலில் சின்னதாக ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பெரியதைச் சொல்வதற்கு வாய் பழகட்டும். அந்தப் பெரிய கம்பெனி ஆள், மூக்குக்கண்ணாடிக்காரர், கடைக்கு வந்த அன்று நான் போட்டிருந்த நீலக் கோடு போட்ட சட்டை என்னுடையது இல்லை. "மாமா, இன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று சொன்னாயே, அந்தப் பெருமை முழுவதும் தெருமுனைப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரைச் சேர்ந்தது. அவர் சலவைக்குப் போட்ட சட்டை. துவைத்து, தேய்த்து, மடித்து, தாள் சுற்றி அலமாரியில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்துக்கொண்டிருந்ததில் எனக்கென்று ஒரு நல்ல சட்டை வாங்க நேரமில்லாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள். அவர் வந்து கேட்டபோது, "கறை விடமாட்டேங்குது மாஸ்டர், இன்னொரு தரம் ஊறட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அதில் கறையே கிடையாது. நல்ல துணி, உடம்புக்கு இதமாக இருக்கிறது.

இனி பெரியது. இதை நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். முயற்சி செய்யாமல் இல்லை. வாயைத் திறந்தால் எனக்குக் கேலிதான் வருகிறது, பிறவிக் கோளாறு. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னபோது "எவ்வளவு தூரத்துக்கு?" என்று கேட்டவன் நான். எழுத்தில்தான் யோக்கியனாக முடியும் என்று முடிவு கட்டி, மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது. நீ கொடுத்த பழைய போனில் எழுதலாமென்றால் அதைத் தொடக் கை கூசுகிறது, ஏன் என்று பின்னால் வரும். ஆகவே கடைக் கம்ப்யூட்டரில், தினமும் 'துணி தயார்' என்று அனுப்புகிற அதே கட்டத்தில் எழுதுகிறேன். எனக்குப் பழகிய கட்டம் அது ஒன்றுதான். நான் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது, நீ செய்து கொடுத்த ஏற்பாடு. வழக்கமாக மேலே பில் நம்பரைப் போடுவேன், அந்த நம்பர்காரர் வந்து நிற்பார். இன்று மேலே உன்னைப் போட்டிருக்கிறேன். முடிந்ததும் அமுக்கினால் உன்னிடம் வந்துவிடும். நீ மட்டும் படி.

மெஷின் முடிந்தால் சேதி சொல்லும் இந்தப் பெட்டியை நீ செய்து கொண்டுவந்து, எனக்குப் புரியவைக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டாயே, நினைவிருக்கிறதா? மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். என்னிடம் நீ காட்டிய பொறுமையை உன் அம்மா என்னிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.

"மாமா, இப்ப மெஷின் நின்னா எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க?"

"போய்ப் பார்ப்பேன்."

"பார்க்கலைன்னா?"

"துணி உள்ளயே கிடந்து நாறும். அப்ப தானா தெரியும்."

"இனிமே மெஷினே சொல்லும். ஆனா யார்கிட்டயும் நேரா சொல்லாது. நடுவுல ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட 'முடிஞ்சுது'ன்னு மட்டும் சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கும். யாருக்கெல்லாம் சேதி வேணுமோ அவங்க அவர்கிட்ட முன்னாடியே பேரைக் குடுத்து வெச்சிருப்பாங்க. அவரு பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்லிடுவாரு. சொல்ற மெஷினுக்குக் கேட்கிறவங்க யாருன்னே தெரியாது மாமா. தெரியவும் வேண்டாம்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

"அம்மாவுக்கு யார் யார் கேட்கிறாங்கன்னு நல்லாவே தெரியும்."

நான் அதற்குத் தண்டோரா என்று பெயர் வைத்தேன். நீயும் சிரித்துக்கொண்டே அதையே எழுதிக்கொண்டாய். நிஜ மெஷின் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பொம்மை மெஷின் இருக்கிறதென்றும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததென்றும், ஆனால் ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று கைவிட முடியாதென்றும், வேண்டியதை வாசலில் நின்று கேட்டால் கிடைக்குமென்றும் சொன்னாய். "மாமியார் வீட்டுச் சமையலறை" என்றேன். "ரொம்பச் சரி மாமா" என்றாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இந்தக் கட்டம் கொள்ளாது.

பிறகுதான் பூட்டு விஷயத்துக்கு வந்தாய். ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் முடிந்தால் ஆறும் ஒரே நேரத்தில் தண்டோராவைக் கூப்பிடும். அதே நேரத்தில் ஒருவர் புதிதாகப் பெயர் சேர்ப்பார், இன்னொருவர் பெயரை எடுப்பார். இத்தனை கைகள் ஒரே பட்டியலில் விழுந்தால் பட்டியல் கிழிந்துவிடும். நான் விழித்தது விழித்தபடி இருந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கிற கழிப்பறையைக் காட்டினாய். அதற்கு ஒரே சாவி. தொலையாமலிருக்கக் கட்டைத் துண்டில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறோம். சாவி ஆணியில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் நிற்கவேண்டியதுதான். "பட்டியலுக்கும் அதே கதைதான் மாமா. சாவி இல்லாம யாரும் கைவைக்க முடியாது."

"அப்ப உன் தண்டோராக்காரர் சாவியை வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் சொல்லி முடிக்கிற வரைக்கும் மத்தவன் காலைச் சேர்த்து வெச்சுக்கிட்டு நிக்கணுமா?"

துள்ளி எழுந்தாய். "அங்கதான் விஷயமே இருக்கு! அவரு உள்ள போவாரு, பட்டியலை ஒரு நகல் எடுப்பாரு, உடனே வெளிய வந்து சாவியை மாட்டிடுவாரு. அப்புறம் நகலைப் பார்த்து நிதானமா சொல்லுவாரு. உள்ளயே உட்கார்ந்து பேப்பர் படிக்க மாட்டாரு."

நான் இஸ்திரிக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்று இழுத்தாய். "அவரு நகலைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் பேரை எடுத்துட்டாருன்னு வைங்க. அந்த ஒரு சேதி மட்டும் அவருக்கு வந்துதான் நிக்கும். அடுத்ததுலேருந்து வராது. அது தப்பில்லை, அப்படித்தான் செய்யணும்." இந்த வாக்கியத்தை நான் அன்றே நெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தால் இன்று இப்படி ஒரு கடிதம் எழுதும் கதி வந்திருக்காது.

எல்லோரும் சேர்ந்தார்கள். நான் சேர்ந்தேன், இஸ்திரிக்காரர் சேர்ந்தார், வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். உன் அம்மா, "என் பொண்ணு செஞ்சது, எனக்கு வராம எப்படி?" என்று சேர்ந்துகொண்டு, "நாலாம் நம்பர் முடிஞ்சுதாமே, எடுத்தியாடா?" என்று வீட்டிலிருந்தே என்னை மேய்க்க ஆரம்பித்தாள். இதுவரை எல்லாம் நல்லது. என் வினை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற 'சேர்' என்ற அந்தப் பொத்தானில். அதை அமுக்கினால் ஒரு குட்டி முரசு ஒலித்து, 'மாமா சேர்ந்துவிட்டார்' என்று எழுத்து வருகிறது பார். அம்மாடி! என் பெயரை யாரும் எதிலும் அவ்வளவு மரியாதையாகச் சேர்த்ததில்லை. எல்லா இடத்திலும் பெயரை எடுத்துத்தான் பழக்கம். வந்தவர் போனவரிடமெல்லாம், "இது என் அக்கா மகள் பண்ணினது, பாருங்க" என்று அமுக்கிக் காட்டினேன். முரசு ஒலிக்கும். 'மாமா சேர்ந்துவிட்டார்.' போர்வை போட வந்த அம்மாவுக்கு ஒரு தடவை. திரைச்சீலை வாங்க வந்தவருக்கு ஒரு தடவை. தபால்காரர் எதற்கும் வரவில்லை, வழி கேட்க வந்தார், அவருக்கும் ஒரு தடவை. மழை பெய்து கடை வெறிச்சோடிக் கிடந்த நாளில் எனக்கே ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் உன் பட்டியலில் இன்னொரு மாமா போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு தடவை சேர்ந்தவன் சேர்ந்தவன்தானே, மறுபடி அமுக்கினால் மறுபடி வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் போனோ ஈரம் பட்டுவிடுமென்று வீட்டு அலமாரியிலேயே வாயடைத்துக் கிடந்தது. அதனால் வெளியே தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் வந்த அன்று மட்டும் ஜம்பத்துக்காக அந்தப் போனைச் சத்தம் முழுக்க ஏற்றி, மாஸ்டரின் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவருடைய கம்பெனிக்கு எத்தனையோ ஊரில் சலவைக் கடைகள் இருக்கிறதென்றும், அவர் தலையாட்டினால் எல்லாக் கடைக்கும் உன் தண்டோரா போகும், உன் ஆபீசில் இதை முழுக்க உன் பொறுப்பில் விடுவார்கள் என்றும் நீ முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தாய். அவரும் நல்ல மனிதர். தன் நம்பரையும் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் நம்பர் முன்னால் நின்றார். மெஷின் நின்றது. அவருடைய போன் மெல்ல ஒரு தரம் சிணுங்கியது. இஸ்திரிக்காரருடையது ஒரு தரம். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். என் சட்டைப்பையில் சேவல் கூவியது. நான் வைத்திருக்கிற சத்தம் அது, உனக்குத்தான் தெரியுமே. நானும் சிரித்தேன். மறுபடி கூவியது. மறுபடி. மறுபடி. பொழுது விடியாத ஒரு ஊரில் மாட்டிக்கொண்ட சேவல் மாதிரி அது கூவிக்கொண்டே இருந்தது. உன் சிரிப்பு ஓரத்திலிருந்து காய ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. போர்வை அம்மா, திரைச்சீலைக்காரர், தபால்காரர் எல்லோரும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். நீங்கள் எல்லோரும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நைஸாகக் கல்லாவுக்குப் பின்னால் போய் 'விலகு' பொத்தானை அமுக்கினேன். 'மாமா விலகிவிட்டார்.' அமுக்கினேன். 'மாமா விலகிவிட்டார்.' என் வாழ்க்கையில் நான் இத்தனை இடத்தில் இருந்து விலகியதில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று கடைசி மாமாவை மட்டும் விட்டுவைத்தேன், அந்தத் திருட்டுப் புத்திக்கு மட்டும் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சேவல் நிற்கவில்லை. நீ சொன்னாயே, அந்த ஒரு சேதி மட்டும் வந்துதான் நிற்கும் என்று! நகல் எடுத்தாகிவிட்டது, நகலில் இருக்கிற அத்தனை மாமாவுக்கும் அது சொல்லித்தான் தீரும். பதறிப்போய்ப் போனை அழுக்குத் துணிக் குவியலுக்குள் செருகினேன். இஸ்திரிக்காரர் சுறுசுறுப்பைக் காட்ட நல்ல நேரம் பார்த்தார். குவியலை அப்படியே அள்ளி ஐந்தாம் நம்பருக்குள் போட்டு, மூடி, தண்ணீரைத் திறந்துவிட்டார். சேவல் உள்ளேயிருந்து இரண்டு தரம் கூவிவிட்டு மூழ்கியது.

கண்ணாடிக்காரர் திரையில் பட்டியலைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். பட்டியலில் ஒரே ஒரு மாமா. ஆனால் சேதி போனதோ எத்தனையோ மாமாவுக்கு. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. "பட்டியல்ல ஒரு தடவைதான் இருக்கு. சேதி பல தடவை போயிருக்கு. பூட்டு சரியா பிடிக்கலை போலிருக்கேம்மா, ரெண்டு கை ஒரே நேரத்துல உள்ள போயிருக்கு" என்றார். நீ "ஆமா சார், அப்படித்தான் இருக்கணும்" என்றாய். எந்தத் தப்பும் செய்யாத பெண் நீ, தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாய், நான் அந்தப் பக்கம் சோப்புத்தூள் டப்பாவின் மேலிருக்கிற எழுத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். "கண்டுபிடிச்சு சொல்லுங்க, திங்கட்கிழமை முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான், அம்மா, என்னை இப்படி எழுத உட்காரவைத்தது. இல்லாத பிழையை நீ தேட ஆரம்பித்தாய். கடையிலேயே உட்கார்ந்து தேடினாய். யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று குறித்து வைக்கும்படி செய்யவில்லையே என்று உன்னையே திட்டிக்கொண்டாய். எங்கள் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்து, "நான் மூணுன்னு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல அமுக்கணும்" என்றாய். அமுக்கினோம். சரியாக வந்தது. மறுபடி. சரியாக வந்தது. "இப்ப மாமா சேருங்க, அண்ணே நீங்க விலகுங்க, ஒரே நேரத்துல!" அதற்கும் சரியாக வந்தது. சரியாக வரவர உன் முகம் வாடிக்கொண்டே போனது. தப்பு வரமாட்டேன் என்கிறதே என்று ஒரு பெண் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். நடுவில் நின்று எல்லோரைவிடச் சரியாக மூன்று எண்ணி அமுக்கியவன் யார்? நான். இஸ்திரிக்காரரைப் பார்த்து, "கவனமா அமுக்குய்யா, புள்ளை கஷ்டப்படுது" என்று அதட்டல் வேறு.

நீ என்னிடம் நேராகவே ஒரு தடவை கேட்டாய். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, களைத்துப்போன குரல். "மாமா, அன்னிக்கு நீங்க எதையாவது தொட்டீங்களா?"

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தேன். "நான் தொட்டது உங்க அத்தை கையை மட்டும்தான், அதுக்கே இன்னும் அனுபவிக்கிறேன்" என்று வந்தது. நீ சிரித்துவிட்டாய். சிரித்துவிட்டு, "நல்லவேளை மாமா, உங்ககிட்ட கேட்டா சிரிப்பாவது வருது" என்றாய். அதற்குப் பிறகு நான் பின்பக்கம் போய்க் கழிப்பறைச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பேப்பர் எதுவும் படிக்கவில்லை. வெளியே இஸ்திரிக்காரர் கதவைத் தட்டியும் திறக்கவில்லை. சாவியோடு உள்ளேயே உட்காரக்கூடாது என்று நீ சொன்னது ஏனென்று அப்போது நன்றாகப் புரிந்தது.

என் போன் ஐந்தாம் நம்பரில் வெளுத்துப்போனதை உன்னிடம் 'ரிப்பேருக்குப் போயிருக்கு' என்று சொல்லிவைத்தேன். நீ மறுநாளே உன் பழைய போனைத் துடைத்து, உறை போட்டு, "எல்லாம் ஏத்தி வெச்சிருக்கேன் மாமா, சேவல்கூட" என்று கையில் கொடுத்தாய். அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, "பழசைக் குடுத்து மாமனை ஏமாத்துறியா?" என்று ஒரு கேலியும் செய்தேன். இப்போது தெரிகிறதா ஏன் கை கூசுகிறதென்று?

அப்புறம் நல்ல பூட்டைக் கழற்றிவிட்டு வேறு பூட்டுப் போட்டாய். தண்டோராக்காரர் இனி நகலெல்லாம் எடுக்கவேண்டாம், எல்லோருக்கும் சொல்லி முடிக்கும்வரை சாவி அவர் கையிலேயே இருக்கட்டும் என்றாய். "இது மெதுவாத்தான் போகும், ஆனா ரெண்டு கை உள்ள போகவே முடியாது." அரை நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மெஷின் முடிய, தண்டோராக்காரர் சாவியோடு கிளம்பி இஸ்திரிக்காரரின் போனிடம் சொல்ல, அந்தப் போன் பதில் சொல்வதற்குமுன் பட்டியலில் ஒரு திருத்தம் செய்யச் சாவி கேட்க, அவர் 'நீ பதில் சொன்னால்தான் சாவி' என்க, அது 'சாவி கொடுத்தால்தான் பதில்' என்க, கடை அப்படியே உறைந்துபோனது. போன மாதம் பின்பக்கம் நடந்த அதே கூத்து: சாவி என் கையில், வாளி இஸ்திரிக்காரர் கையில். "நீ வாளியைக் குடு, நான் சாவியைத் தரேன்." "நீங்க சாவியைக் குடுங்கண்ணே, நான் வாளியைத் தரேன்." இருவரும் மரியாதையாக நின்றுகொண்டே இருந்தோம். அன்று உன் அத்தை வந்து இருவரையும் திட்டி விலக்கினாள். கம்ப்யூட்டருக்குள் அத்தை இல்லை. ஆறு மெஷினிலும் ஈரத்துணி நாறியது. நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, கடைசியில் பழைய பூட்டையே திரும்பப் போட்டாய். சரியாக இருந்த வேலையை என் பொய்யை நம்பிக் கெடுத்து, மறுபடி சரிசெய்து, அப்படியும் அது சரியென்று நம்ப முடியாமல் நின்றாய்.

உன் அம்மா போன் செய்தாள். "உன் கடையிலதானடா நடந்தது? உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"எனக்கென்னக்கா தெரியும், படிக்காதவன்."

படிக்காததை இதுவரை யாருக்கும் நான் தலைக்குனிவாகக் காட்டியதில்லை. அன்று அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன்.

இன்று காலையில் நீ இஸ்திரி மேசைப் பக்கம் நின்று உன் ஆபீசுக்குப் பேசியது என் காதில் விழுந்தது. "எனக்குக் கண்டுபிடிக்க முடியலை. திங்கட்கிழமை அவர்கிட்ட நானே சொல்லிடறேன். இந்த வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க, நான் இன்னும் கத்துக்கணும்." சின்ன வயதில் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையிலும் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று எண்ணி, ஒன்று குறைந்தாலும் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததால்தான் உனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன். அந்த இன்ஸ்பெக்டர் தன் பொத்தானையே தன் கையால் பிய்த்துக் கொடுக்கிறாள், நான் பக்கத்தில் நின்று காலர் தேய்க்கிறேன். காலர் கருகியதுகூடத் தெரியவில்லை.

ஆகவே சொல்லிவிட்டேன். உன் பூட்டில் தப்பில்லை. உன் நகலில் தப்பில்லை. தப்பு முழுவதும் உன் மாமன் விரலில். இதைப் படித்ததும், "ஒரே ஆள் ரெண்டு தடவை சேர முடியாத மாதிரி நான்தான் செஞ்சிருக்கணும் மாமா" என்று நீ ஆரம்பிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஆரம்பிக்காதே. அது ஒரு வரி வேலையாக இருக்கலாம், போட்டுக்கொள். ஆனால் அந்த ஒரு வரியை எடுத்து என் தலைமேல் குடையாகப் பிடிக்காதே, நனையவேண்டியவன் நனையட்டும். வேலையை யாருக்கும் கொடுக்காதே. கண்ணாடிக்காரரிடம் நானே வந்து சொல்கிறேன், என்ன வார்த்தையில் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்து, கேலி வராமல் பழகிக்கொண்டு, திங்கட்கிழமை நானே வருகிறேன். அதுவரை அவருக்குத் தெரியவேண்டாம். முக்கியமாக உன் அம்மாவுக்கு எந்தக் காலத்திலும் தெரியவேண்டாம். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் என்னிடம் உள்ளாடை கொடுக்கக்கூட யோசிப்பார்கள். இது உனக்கும் எனக்கும் நடுவில். இனிமேல் உன் தண்டோராவை வேலைக்குத் தவிர விளையாட்டுக்குத் தொடமாட்டேன் என்று ஆறு மெஷின் சாட்சியாகச் சொல்கிறேன்.

உன் கை வைத்ததெல்லாம் துலங்கட்டும். உன் பூட்டுகள் பிடிக்கட்டும், உன் சாவிகள் ஆணியில் இருக்கட்டும். நீ சொல்லும் சேதி போய்ச் சேரவேண்டியவர்களுக்குப் போய்ச் சேரட்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொல்வாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது, ஆகவே அவள் சார்பில் நானே விசாரித்துக்கொள்கிறேன்.

வெட்கத்தோடும் பாசத்தோடும்,
உன் மாமா.

பின்குறிப்பு: இது கையால் எழுதுவது, பொறுத்துப் படி. அமுக்கிவிட்டேன். பில் அடிக்கிற மெஷினும் உன் பட்டியலில் இருக்கிறது போல, கடிதம் முழுவதும் பில் தாளில் அடித்து நீளமாக வந்து கல்லாவிலிருந்து வாசல்வரை கிடக்கிறது. அதன் வாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பில் நம்பரைப் போட்டால் அந்த நம்பர்காரருக்கு மட்டும்தான் போகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எல்லோருக்கும்தான் போய்க்கொண்டிருந்ததாம், தங்கள் நம்பர் இல்லையென்றால் விட்டுவிடுவார்களாம். இதில் நம்பர் இல்லாததால் எல்லோரும் முழுதாகப் படித்திருக்கிறார்கள். நான் அமுக்கிய அதே நொடியில் இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் முடிந்து நின்றன, மூன்று சேதியும் ஒன்றாகத்தான் கிளம்பின. இஸ்திரிக்காரர் பேப்பர் விஷயத்தைப் படித்ததும் கோபித்துக்கொண்டு பட்டியலிலிருந்து விலகிவிட்டார், ஆனாலும் கடிதம் அவருக்கு முழுதாக வந்து சேர்ந்ததாம். கடைப் போனில் கூப்பிட்டவர்களையெல்லாம் விசாரித்துவிட்டேன். ஒருவருக்கும் விட்டுப்போகவில்லை, ஒருவருக்கும் இரண்டு தடவை போகவில்லை. உன் அம்மாவுக்கும் ஒரே தடவைதான் வந்தது. அவள் கிளம்பிவிட்டாள். கண்ணாடிக்காரர், "கிடைத்தது, ஒரே தடவை. வேலையை மாற்ற வேண்டாம். சோதனை செய்யும் கடையை மாற்றவும்" என்று பதில் போட்டிருக்கிறார். டிரில் மாஸ்டரும் பட்டியலில்தான் இருக்கிறார். வாசலில் விசில் சத்தம் கேட்கிறது. இன்றும் போட்டிருக்கிற அவர் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். மூன்றாவது பொத்தான் அறுந்து நாலாம் நம்பருக்கு அடியில் உருண்டுவிட்டது.